குளம் ஒன்று, வகுப்பு ஐந்து: ஆரம்பப் பிரிவில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

தரம் ஒன்று தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்காது, யாராவது ஒரு தாய் கொப்பியும் கையுமாக வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"ரீச்சர், கொப்பியில கோடும் வட்டமும்தான் கிடக்கு. 'இண்டைக்கு என்ன படிச்சனீ?' எண்டு கேட்டா 'விளையாடினனாங்கள்' எண்டுறான். எப்ப ரீச்சர் படிப்பிக்கத் தொடங்குவியள்?"

நான் சிரித்துக்கொண்டு "தொடங்கிட்டன் அம்மா" என்பேன். அவருக்கு அது பதிலாகாது என்று எனக்குத் தெரியும். பின்னால் முப்பது பிள்ளைகள் இரைந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்று இதற்கு மேல் விளக்கவும் முடியாது. அதே தாய் நாலு வருடம் கழித்து தரம் ஐந்து வகுப்பு வாசலுக்கு வருவார். அப்போது கேள்வி வேறு: "கணக்கெல்லாம் செய்யிறான் ரீச்சர். ஆனா கேள்விய கொஞ்சம் மாத்திக் கேட்டா முழிக்கிறான். ஏன்?" முதற்கேள்விக்குச் சொல்லாமல் விட்ட பதிலில்தான் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதை இங்கே ஆறுதலாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் நாடான இலங்கையில் ஆரம்பக் கல்வி என்பது தரம் 1 முதல் 5 வரை. இந்த ஐந்து ஆண்டும் ஒரே மாதிரியானவை அல்ல. 1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம் இவற்றை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1உம் 2உம் முதலாம் நிலை, 3உம் 4உம் இரண்டாம் நிலை, 5 தனியே மூன்றாம் நிலை. பாடத்திட்டம் பிறகு சில தடவை திருத்தப்பட்டாலும் இந்த எலும்புக்கூடு அப்படியே இருந்துவந்திருக்கிறது. ஒவ்வொரு நிலையும் முடியும்போது எந்தப் பிள்ளையும் தவறவிடக் கூடாதவை என்று சில திறமைகள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்போம்.

வகுப்பறையில் பிள்ளை படிக்கும் வழிகளும் மூன்று: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. எல்லா வகுப்பிலும் மூன்றும் உண்டு, அளவுதான் மாறும். முதலாம் நிலையில் விளையாட்டு முன்னுக்கு நிற்கும், எழுத்து வேலை கொஞ்சம்தான். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் ஐந்துக்கு வந்ததும் எழுத்து வேலை முன்னுக்கு வந்துவிடும். தரம் ஒன்றுக் கொப்பி வெறுமையாகக் கிடப்பதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் அல்ல, அங்கே எழுத்து வேலையின் பங்கு அவ்வளவுதான். (சோம்பல் ரீச்சர்மாரும் இருக்கிறார்கள்தான். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிறகு சொல்கிறேன்.)

விளையாட்டு, ஆனால் சும்மா விளையாட்டு இல்லை

'வழிகாட்டப்பட்ட' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் மண்ணில் புரள்வது அவர்களுடைய சொந்த விளையாட்டு. அதில் நான் தலையிடுவதில்லை, அதுவும் தேவை. வகுப்பு நேரத்தில் நடக்கும் விளையாட்டில் நான் ஒன்றை ஒளித்து வைத்திருப்பேன். பிள்ளை அதைத் தேடுவது தெரியாமலே தேடும்.

ஒரு வாளி தண்ணீர், நாலு சிரட்டை, ஒரு நெட்டைப் போத்தல், ஒரு அகன்ற சட்டி. மாமரத்துக்குக் கீழே இவ்வளவும் இருந்தால் தரம் ஒன்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும். போத்தலுக்குள் நாலு சிரட்டை தண்ணீர் ஊற்றுவார்கள். சட்டிக்குள்ளும் நாலு சிரட்டை. எதில் தண்ணீர் கூட என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் போத்தலைக் காட்டுவார்கள். தாங்களே எண்ணி எண்ணி ஊற்றியதுதான். ஆனாலும் உயரமாக நிற்பது கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிகிறது. சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜோன் பியாஜே இதைக் கடந்த நூற்றாண்டிலேயே கண்டு எழுதிவைத்தார்: பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் உள்ளே உள்ள அளவு மாறாது என்ற விளக்கம் ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலும் இருப்பதில்லை, ஏழு வயதை அண்டி வருகிறது.

"ரெண்டும் ஒரே அளவு மகன்" என்று நான் சொல்லிக் கொடுத்தால் அவன் தலையாட்டுவான். நாளைக்குக் கேட்டால் திரும்பவும் போத்தலைக் காட்டுவான். திரும்பச் சட்டிக்கு ஊற்றி, திரும்பப் போத்தலுக்கு ஊற்றி, சிந்தி, நனைந்து, ஒருநாள் அவனாகவே "ரெண்டும் ஒண்டுதான் ரீச்சர்" என்பான். அதற்குப் பிறகு அந்த அறிவை எவராலும் அவனிடமிருந்து பறிக்க முடியாது. தாய் வாசலில் காட்டும் கொப்பியில் இது இருக்காது. நனைந்த களிசானில் இருக்கும்.

கோடும் வட்டமும் இப்படித்தான். பென்சில் பிடிக்க விரலுக்குப் பலம் வேண்டும். களிமண் பிசைந்தால், புளியங்கொட்டை பொறுக்கினால், கடதாசி கிழித்து ஒட்டினால், கொக்கான் எறிந்து பிடித்தால் அந்தப் பலம் வரும். பிறகு மணலில் விரலால் கோடு, வளைவு, சுழி. நான் எழுத்துக்குள் இறங்கும்போது 'ட'விலும் 'ப'விலும்தான் தொடங்குவேன், இரண்டும் நேர்கோட்டால் முடிந்துவிடும். 'அ'வைப் பாருங்கள்: ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, கடைசியில் ஒரு நெடுங்கோடு. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம், அது ஆசீர்வாதம். அதையே மறுநாள் தனியே எழுதச் சொல்லி அடிப்பது நியாயமில்லை.

வட இலங்கையில், எங்கள் வன்னிப் பக்கத்தில் இதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் பள்ளிக்கூடம் நடந்தது. மீள்குடியேறி வந்த பிறகு தறப்பாளுக்குக் கீழும் மரத்துக்குக் கீழும் நடந்தது. அப்போது மேசையும் இல்லை, கொப்பியும் போதாது. எட்டு வயதிலும் பெயர் எழுதத் தெரியாத பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை உடனே எழுத வைக்க முயன்றபோது நடக்கவில்லை. கிளித்தட்டுக்குக் கோடு கீறி, ஆள் பிரித்து, புள்ளி எண்ணத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோதும் வேறு விதமாக இதையே கண்டேன். தரம் ஒன்றையும் இரண்டையும் வீட்டில் கைத்தொலைபேசியோடு கழித்த பிள்ளைகள் தரம் மூன்றுக்கு வந்தபோது எழுத்து தெரிந்திருந்தது. வரிசையில் நிற்க, தன் முறை வரும்வரை பொறுக்க, பென்சிலை அழுத்தாமல் பிடிக்கத் தெரியவில்லை.

திரும்பத் திரும்ப வரும் குளம்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தமிழ், கணிதம், சமயம் இவற்றோடு சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடம் உண்டு. அதன் பாடநூல்களை ஐந்து தரத்துக்கும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். தண்ணீர், உணவு, செடிகொடி, விலங்குகள், எமக்கு உதவுவோர் என்று ஒரே விஷயங்கள் ஆண்டுக்காண்டு திரும்ப வருகின்றன. "போன வருஷமும் தண்ணிதான், இந்த வருஷமும் தண்ணிதானே" என்று ஒரு தகப்பன் என்னிடம் குறைப்பட்டார்.

இது மறதியால் வந்ததல்ல. இதற்குச் சுருளிக் கலைத்திட்டம் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் முன்வைத்த எண்ணம். எந்த விஷயத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் அந்த வயதுக்கேற்ற நேர்மையான வடிவில் கற்பிக்கலாம், பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்பது அவர் கருத்து. இடியப்பத் தட்டில் மாவு பிழிகிறபோது கை அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேலே படியும். அவ்வளவுதான்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இந்தச் சுருளியை விளக்க வெளியில் போகத் தேவையில்லை. ஊர்ப் பெயரில் பாதி குளத்தில் முடிகிறது. எங்கள் பாடசாலையின் பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால், அதற்கு மேலே குளக்கட்டு. நான் ஐந்து தரத்துக்கும் இந்த ஒரு குளத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

தரம் ஒன்றில் குளம் என்பது தண்ணீர், அவ்வளவுதான். எது மிதக்கும், எது தாழும்? பாலை விதை, ஓட்டுத்துண்டு, பிளாஸ்ரிக் மூடி, காய்ந்த இலை. போட்டுப் பார்ப்பார்கள். தரம் இரண்டில் அங்கே யார் வருகிறார்கள் என்ற கேள்வி வரும்: கொக்கு, மயில், மாடு, வலை வீசும் அண்ணா, உடுப்புத் தோய்க்கும் அம்மம்மா. "யானை" என்று ஒருவன் கத்துவான், பிறகு அரை மணித்தியாலத்துக்கு வகுப்பு யானையோடு போய்விடும். விட்டுவிடுவேன். அன்றைக்குத் தமிழ்ப் பாடம் யானைக் கதை.

தரம் மூன்றில் குளத்துக்கு உறுப்புகள் முளைக்கின்றன. கட்டு, அலைகரை, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான், வாய்க்கால். இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, வீட்டில் கேட்டவைதான். அவற்றை ஒரு படத்தில் இடம் பார்த்து வைப்பதுதான் புதிது. பாடசாலை வாசலில் இருந்து குளக்கட்டு வரை நடந்து, எத்தனை காலடி என்று எண்ணி, திரும்பி வந்து நிலத்தில் வரைபடம் கீறுவோம். ஒருமுறை பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுத் துருசைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "தாத்தா, துருசுக்குள்ள மீன் போனா என்ன நடக்கும்?" அவர் யோசிக்கவே இல்லை. "வாய்க்காலுக்கு வரும் பிள்ளை. பிறகு எங்கட சட்டிக்கு வரும்." துருசு எதற்கு என்பதை நான் அதன் பிறகு விளக்கவேண்டி வரவில்லை.

தரம் நாலில் அளக்கத் தொடங்குவோம். ஐப்பசியில் மழை இறங்கியதும் பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் தலையை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டி முற்றத்தில் வைப்போம். போத்தலின் பக்கம் நேராக இருக்கவேண்டும், அடி மேடுபள்ளமாக இருந்தால் அந்த மட்டத்துக்குச் சின்னக்கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி அங்கிருந்து பூச்சியம் எண்ணவேண்டும். இந்த இரண்டையும் பிள்ளைகள் பிழைவிட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு காலையும் ஒருவர் வாசித்து மில்லிமீற்றரில் எழுத, கிழமை முடிவில் சதுரக் கொப்பியில் நிரல் வரைபு எழும்பும். வீட்டில் அப்பா "குளத்தில எத்தின அடி தண்ணி?" என்று யாரையோ போனில் கேட்பது, மாரிகால நெல்லான காலபோகத்துக்கு மழையையும் கோடைகால நெல்லான சிறுபோகத்துக்குக் குளத்தையும் பார்த்திருப்பது, இதெல்லாம் அந்த நாட்களில்தான் பிள்ளையின் காதில் ஏறுகிறது. அப்பாவும் தன்னைப் போல அளக்கிறார் என்று அது கண்டுகொள்கிறது.

தரம் ஐந்தில் குளம் ஒரு பிரச்சினை ஆகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். வகுப்பறைக் கூரையின் நீளம் 10 மீற்றர், அகலம் 6 மீற்றர் என்றால் பரப்பு 60 சதுர மீற்றர். ஓர் இரவில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 1,200 லீற்றர். பாடநூலில் இந்தக் கணக்கு இருக்கவேண்டும் என்றில்லை, இது நான் போடுவது. விடை வந்ததும் வகுப்பு எழும்பிப் போய் கூரையைப் பார்க்கும். பிறகு கேட்பேன்: குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது, எல்லா வயலுக்கும் சிறுபோகம் செய்யக் காணாது. யாருக்குக் கொடுப்பது? எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமா, ஒருபகுதிக்கு மட்டும் முழுமையாகவா? ஊரில் பெரியவர்கள் கூட்டம் வைத்துச் சண்டைபிடித்து முடிவெடுக்கும் அதே கேள்வி. பின்னம், விகிதம், கட்டுரை எழுதுதல், எதிர்க்கருத்தைக் கேட்டல் எல்லாம் அதில் வந்துவிடும். அங்கிருந்து இரணைமடுவுக்கும் போகலாம்: கனகராயன் ஆற்றை மறித்த குளம், மிஞ்சிய தண்ணீர் சுண்டிக்குளம் பக்கம் கடல்நீரேரிக்குப் போகிறது. வவுனிக்குளம் பாலி ஆற்றில், முத்தையன்கட்டு பேராற்றில். சொந்தக் குளத்தைத் தெரிந்த பிள்ளைக்கு இவை மனப்பாடமாகத் தோன்றுவதில்லை.

இனி அந்தத் தாயின் கேள்வி: கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பிள்ளை ஏன் முழிக்கிறது? தரம் ஐந்தின் 1,200 லீற்றருக்குக் கீழே தரம் நாலின் போத்தல் இருக்கிறது, அதற்குக் கீழே தரம் ஒன்றின் சிரட்டை இருக்கிறது. கீழ்ச்சுற்று இல்லாமல் மேற்சுற்றை மட்டும் பிழிந்தால் பிள்ளையிடம் நிற்பது விடை மட்டும்தான். கேள்வி மாறினால் அந்த விடை பொருந்தாது.

ஒரு வகுப்பறையில் இரண்டு தரம்

வன்னியின் உட்பக்கக் கிராமங்களில் தரத்துக்கு ஐந்தோ பத்தோ பிள்ளைகள்தான் இருக்கும் பாடசாலைகள் பல. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் வெற்றிடம் நிரம்ப நாளாகும். அதனால் தரம் 3ஐயும் 4ஐயும் ஒருவரே ஒரே அறையில் பார்ப்பது வழமை. பல்தர வகுப்பு என்பது இதுதான். பெற்றோர் இதை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள், நிர்வாகத்தின் பக்கத்தில் அது குறைதான். ஆனால் சுருளி இங்கே கைகொடுக்கிறது. இரண்டு தரத்துக்கும் தலைப்பு ஒன்றென்றால் குளக்கட்டுக்கு எல்லோரும் ஒன்றாகப் போகலாம். திரும்பி வந்து தரம் மூன்றுப் பிள்ளைகள் படம் கீறுவார்கள், தரம் நாலு அளந்ததை வரைபாக்கும். நாலில் பலவீனமான பிள்ளை மூன்றோடு இருந்து ஒருமுறை படம் கீறினால் யாரும் கேலி செய்வதில்லை. மூன்றில் கெட்டிக்காரி நாலின் அடிமட்டத்தை எட்டிப் பார்த்து வாசித்துவிடுவாள். கடினமான பகுதி கணிதம்தான். அங்கே ஒரு தரத்துக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்தோடு கரும்பலகையில் நிற்கவேண்டும், இரண்டு அடுப்பில் சமைப்பது போல. ஒன்று எப்படியும் கொஞ்சம் அடிப்பிடிக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வரி: முதல் இரண்டு தரத்தில் அது வாய்மொழியாகவும் பாட்டாகவும்தான் வரும், முறையான பாடமாகத் தொடங்குவது தரம் மூன்றில். தரம் ஒன்றில் ஆங்கிலக் கொப்பி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

புலமைப்பரிசில்

தரம் ஐந்தைப் பற்றி எழுதிவிட்டுப் பரீட்சையைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நோக்கம் இரண்டு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுப்பது, பெரிய பாடசாலைகளில் தரம் ஆறுக்கு இடம் கொடுப்பது. இரண்டு வினாத்தாள், மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. இந்தப் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த உதவிப்பணம் என்ன என்பது எனக்குத் தெரியும், அதனால் பரீட்சையே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் அது தரம் ஐந்தோடு நிற்பதில்லை. தரம் மூன்றிலேயே பின்னேர வகுப்பு, நாலில் கடந்தகால வினாத்தாள். மூன்று வழிகளும் சமமாக இருக்கவேண்டிய வயதில் எழுத்து வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஒரு வருடம் நானும் அதைச் செய்தேன். தரம் நாலுக்கு மழைமானியை விட்டுவிட்டு வினாத்தாள் கொடுத்தேன். புள்ளி வந்தது. அடுத்த வருடம் அதே பிள்ளைகளுக்குக் கூரைக் கணக்கைப் போட்டபோது, "ரீச்சர், கூட்டுறதா பெருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

வகுப்புக்கு வெளியே நடப்பவை

ஆரம்பப் பிரிவுக்கென்று நடக்கும் சில நிகழ்வுகளைப் பெற்றோர் வெறும் கொண்டாட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளை மாலையிட்டு வரவேற்கும் கால்கோள் விழா, வாணி விழா, ஒளி விழா, ஒக்ரோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். இவை கொண்டாட்டம்தான். 'செயற்பட்டு மகிழ்வோம்' என்ற ஆரம்பப் பிரிவு விளையாட்டு நிகழ்வு வேறு. பெரிய பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில் முதல் மூன்று பேருக்கு மட்டும் பரிசு. 'செயற்பட்டு மகிழ்வோம்' நிகழ்விலோ பந்து கடத்துவது, வளையத்துக்குள்ளால் பாய்வது, சமநிலையாக நடப்பது என்று எல்லாப் பிள்ளையும் குழுவாக இறங்கும். ஓடிக் கடைசியாக வரும் பிள்ளை என்று ஒன்று இருக்காது.

எனக்குப் பிடித்தது சிறுவர் சந்தை. வீட்டு முற்றத்துக் கத்தரி, பயற்றை, முருங்கை, அம்மா சுட்ட பனங்காய்ப் பணியாரம் எல்லாம் மேசைக்கு வரும். பிள்ளையே விலை சொல்லும், நிறுக்கும், மிச்சக் காசு கொடுக்கும். பத்துப் பத்தாக ஈர்க்குக் கட்டி நாங்கள் சொல்லிக்கொடுத்த பத்தினிடமும் ஒன்றினிடமும் அங்கே நோட்டும் சில்லறையுமாகப் புழங்கும். தயவுசெய்து பின்னால் நின்று நீங்கள் விற்காதீர்கள். பிழையான மிச்சம் கொடுத்து ஐம்பது ரூபாய் போனாலும் போகட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: "இண்டைக்கு எத்தின பக்கம் எழுதினனீ?" என்பதை விட்டுவிட்டு, "எதால விளையாடினனீங்கள்? என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தண்ணீர், மண், கொட்டை, கடை என்று பிள்ளை கதை சொன்னால் வகுப்பில் ஏதோ நடந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் "சும்மா இருந்தனாங்கள்" என்றால், அப்போது வந்து ரீச்சரைக் கேளுங்கள். முன்பு சொல்வதாகச் சொன்ன வழி இதுதான்.

இன்னொன்று. சோடா மூடி, புளியங்கொட்டை, காய்ந்த பாலை விதை, நெட்டைப் போத்தல், அகலச் சட்டி எதையும் எறிய முன் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். சிரட்டை மட்டும் இப்போதைக்கு வேண்டாம், போன கிழமை ஒரு மூட்டை வந்து சேர்ந்துவிட்டது.